ஆடி பிறக்கப் பதினான்கு நாள்

2025 ஜூலை 3, வியாழன், காலை 6.10

குழாயில் தண்ணீர் நின்று 34 மணி நேரம். டிரம்மில் மீதி 90 லிட்டர். ஆடி பிறக்க 14 நாள்.

இதை டைரி என்று யாரும் நினைக்க வேண்டாம். லிஃப்ட் நின்றுபோனால் நாங்கள் எழுதும் ரிப்போர்ட் மாதிரிதான்: குறை, நேரம், காரணம், நடவடிக்கை. ஜெராக்ஸ் கடை மெஹருன்னிசா அக்கா நேற்று சொன்னார்: "தேதி, மணி போட்டு எழுதி வை தம்பி. ஆபீஸ்ல போய் நின்னா வாய்ப் பேச்சு எடுபடாது." அதனால் எழுதுகிறேன்.

குறை: மாடி வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. மாடியில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் பக்தவத்சலம், அவர் மனைவி சுலோச்சனா. மொட்டை மாடியில் ஆளுக்கொரு டேங்க். எங்கள் டேங்குக்கான மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டியில் இருக்கிறது. செவ்வாய் இரவு 8.10-க்கு அந்தப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்தது.

காரணம்: உரிமையாளர்.

விவரம் வேண்டுமானால் இதுதான். ஜூன் 28, சனிக்கிழமை, சுலோச்சனா அம்மா மாடிக்கு வந்து, "பாத்ரூம் ஓதம் எங்க சொவத்துல இறங்குது, பாக்கணும், தள்ளு" என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் உள்ளே வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், சட்டம் அப்படித்தான் என்றேன்.

"ஏம்பா, நீ லிஃப்ட்டு ரிப்பேர் பண்றவனா, வக்கீலா?"

"சட்டம் எல்லாருக்கும்தான்."

"என் வூட்டுக்குள்ள வர நான் மனு போடணுமா!"

கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தம் கேட்டிருக்கலாம். சட்டப்படி நான் செய்ததில் தப்பில்லை.

ஜூன் 30 அன்று பக்தவத்சலம் வந்தார். "ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணிடு. ஆடி பொறந்தா நீயும் போக மாட்ட, வேற யாரும் குடி வர மாட்டாங்க." காரணம் கேட்டேன். சொல்லவில்லை. மறுநாள் பூட்டு.

அதே நாள், இரவு 9.30

அப்பாவைப் பற்றி எழுதவில்லையே. அவர் ஏகாம்பரம், வயது 61, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. ஜனவரியிலிருந்து வீட்டிலேயே டயாலிசிஸ். வயிற்றில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து ஒரு பையில் வெளியே எடுத்து, மறுபடி புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அவரே செய்துகொள்வார். தேவை மூன்றுதான்: சுத்தமான அறை, சோப்பு, ஓடுகிற தண்ணீர். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் கை கழுவ வேண்டும். கை சுத்தமில்லாவிட்டால் கிருமி குழாய் வழியாக வயிற்றுக்குள் போய்விடும்.

மார்ச்சில் குடி வந்தபோது இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. அதற்கு முன்னால் மூன்று வீட்டில் சொன்னோம். மூன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மெஹருன்னிசா அக்கா கடைக்குப் போனேன். இந்த வீட்டு அக்ரிமென்ட்டை டைப் அடித்தது அவர்தான். வாடகைச் சட்டத்தின் தமிழ் நகலை பிரின்ட் எடுத்துப் படித்தேன். தெளிவாக இருக்கிறது. தகராறு எதுவானாலும் தண்ணீர், கரண்ட் இரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம்.

"சரி, உன் அக்ரிமென்ட் பதிவு நம்பர் எங்க?" என்றார்.

"நோட்டரி பண்ணினோமே."

"நோட்டரி வேற, பதிவு வேற. அன்னிக்கே சொன்னேன்ல? ரெண்டு பேரும் சேந்து ஆன்லைன்ல போடணும், ஒரு அரை மணி நேரம் உக்காருன்னு. நீ என்ன சொன்ன?"

என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. 'பதினோரு மாசம்தானே அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, அர்ஜென்ட்' என்றேன். வீட்டுக்காரர் எதிரிலேயே நான்கு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

"பதிவில்லாத பேப்பரை ஆபீஸ்ல எவ்ளோ தூரம் எடுத்துப்பாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா தண்ணி விஷயத்தை எழுதிக் கொடு. வாடகை பேங்க்ல கட்டினதுக்கு ரசீது இருக்குல்ல, அதை வை. வேற எதையும் இழுத்து வெச்சுக்காத. நீ பொறுமையா இருந்தாலே பாதி ஜெயிச்ச மாதிரி."

எல்லோரும் எனக்குப் பொறுமை சொல்லித் தருகிறார்கள். ஒருவரும் தண்ணீர் தருவதில்லை.

ஜூலை 5, சனி

லீவு போட்டேன். வீட்டுக்காரர் தம்பதி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் 12.20-க்குப் பார்த்தபோது பெட்டியின் பூட்டு திறந்து கிடந்தது. மோட்டார் போட்டேன். 22 நிமிடம் ஓடியது. டேங்க் நிறைந்தது.

அப்பா குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார். "எப்படிரா வந்துச்சு?"

"வந்துச்சு."

உள்ளங்கையில் சின்னக் கீறல். வேலையில் ஆனது.

திங்கட்கிழமை கம்பெனி ஸ்டோரில் போல்ட் கட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கீழே ஒரே சத்தம். "எவன்டா என் பூட்டை ஒடச்சது?" பக்தவத்சலம் ஒரு காலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பத்து மணிக்கெல்லாம் பெட்டிக்கு மேல் ஒரு பட்டை வெல்டிங் ஆகிவிட்டது. முதல் பூட்டைவிட இரண்டு மடங்கு பெரிய பூட்டு. மொட்டை மாடிக்குப் போய் எங்கள் டேங்கின் வால்வையும் மூடி, கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேற்று நிறைந்த டேங்க் அப்படியே நிற்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

வேலை தெரிந்தவர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

வாடகை அதிகாரி ஆபீஸில் மனு கொடுத்தேன். அங்கிருந்த அம்மா மேலிருந்து கீழ் வரை படித்தார். பதிவு எண் என்ற கட்டத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். "இல்லாமலே எத்தனை பேர் வர்றீங்க," என்றார், திட்டுகிற மாதிரி இல்லாமல். 18-ஆம் தேதி விசாரணை. இரண்டு தரப்பும் வர வேண்டும். 18 என்றால் ஆடி 2.

அதுவரை தண்ணீர்? தெருமுனையில் ஒரு பொது டேங்க் இருக்கிறது. அங்கிருந்து 20 லிட்டர் கேன், நான்கு நடை, மாடிப்படி 19.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்டேஷனிலிருந்து போன். வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். அப்பாவும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

எஸ்.ஐ. இளம் வயதுக்காரர். "தண்ணிய நிறுத்தறது தப்புங்க, பெரியவரே," என்று அங்கே வந்திருந்த பக்தவத்சலத்திடம் முதலில் சொன்னார். எனக்குச் சந்தோஷம். அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"பூட்டை யார் உடைச்சது?"

"தெரியாது சார்."

அப்பா என் உள்ளங்கையைப் பார்த்தார். நான் கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"சார், முப்பத்தொரு வருஷம் கண்டக்டரா இருந்தேன்," என்றார் அப்பா. "டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியும்." எஸ்.ஐ. சிரித்தார். யாரைப் பற்றிச் சொன்னார் என்று எவரும் கேட்கவில்லை.

பேசி முடித்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை பூட்டு உடைந்தால் வழக்கு என்று அனுப்பிவிட்டார்.

ஜூலை 9, புதன்

தண்ணீருக்குக் கணக்கு வேண்டும். டிரம்மின் உள்பக்கம் மார்க்கரால் பத்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: சமையல், குளியல், கக்கூஸ், அப்பா கை. ஒரு நாளைக்கு 80 லிட்டர், அதற்கு மேல் ஒரு மக் கிடையாது. அப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சுமப்பது நான்.

"சரிங்க செக்கிங் இன்ஸ்பெக்டர்," என்றார்.

ஜூலை 10, வியாழன்

இரவு டிரம்மில் 12 லிட்டர் மிச்சம். திட்டம் வேலை செய்கிறது.

ஜூலை 11, வெள்ளி

அப்பா சாப்பிடவில்லை. வெயில்தான்.

ஜூலை 12, சனி, காலை 5.50

வயிற்றிலிருந்து வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்துப் பையின் அடியில் வைத்துப் பார்ப்போம். தண்ணீர் வழியாக எழுத்து தெரிந்தால் சரி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது.

இன்று ஆனி 28 தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

அதே நாள், மாலை 7.00

கிருமிதான். மருந்தைப் பையிலேயே கலந்து விட்டிருக்கிறார்கள். தினமும் ஒரு பையில் கலக்க வேண்டும். நாலைந்து நாளில் தெளியாவிட்டால் வயிற்றுக் குழாயை எடுத்துவிடுவார்கள். அப்புறம் வீட்டு டயாலிசிஸ் கிடையாது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மிஷின்.

நர்ஸ் கேட்டார்: "கை எவ்ளோ நேரம் கழுவுறீங்கப்பா?"

"ஒரு நிமிஷம்மா."

"மூணு நிமிஷம்னு சொல்லிக்கொடுத்தோமே. ஏன் குறைச்சீங்க?"

"தண்ணி கஷ்டம்மா."

"எப்பலேர்ந்து?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "புதன்கிழமைலேர்ந்து" என்றார்.

நான் சொன்னது குளிக்கிற தண்ணீரைப் பற்றி. குளிக்கிற தண்ணீரைப் பற்றித்தான் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியதைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று காலை அப்பா மாடிப்படியில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது சுலோச்சனா அம்மா கேட்டிருக்கிறார், என்ன ஆச்சு என்று. அப்பா, "வயித்துல கொஞ்சம் கிருமிம்மா" என்றாராம். வேறு வார்த்தையே கிடைக்கவில்லை இவருக்கு.

பத்து நிமிடத்தில் பக்தவத்சலம் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு படி தள்ளியே நின்றுவிட்டார்.

"இது ஒட்டுமா?"

"என்னது?" என்றேன்.

"குப்பையில மஞ்சள் மஞ்சளா பை போடறீங்களே. அன்னிக்கே அவ பாத்தா. அதைக் கேக்கத்தான் மேல வந்தா. ஓதம் கீதம்னு சும்மா சொன்னா. நீ மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ சாத்தின. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஏன் சாத்தணும்? ஆடிக்கு என் பொண்ண அழைச்சிட்டு வரப் போறோம். புதுசா கல்யாணம் ஆனவ, மூணு மாசம் முழுகாம இருக்கா. நான் யாரக் கேக்கறது?"

"இத முதல்லயே கேட்டிருக்கலாமே சார்," என்றார் அப்பா.

"உள்ள விட்டாத்தானே கேக்கறது!"

சட்டப்படி நோய் விவரத்தை யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். கை சூடாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

ஆனி 30 தெரியவில்லை. ஆனால் கறுப்பாக ஒரு வடிவம் தெரிகிறது.

அப்பா, "கூப்பிட்டு உள்ள உக்கார வெச்சா முடிஞ்சுதுடா" என்கிறார். அப்படியெல்லாம் கூப்பிட எனக்கு வராது. ஒரு தாளில் எழுதினேன்:

'பக்தவத்சலம் அவர்களுக்கு. நாளை 15.07.2025 மாலை 5.00 மணிக்குத் தாங்களும் தங்கள் மனைவியும் மாடி வீட்டுக்குள் வந்து பார்வையிடலாம். இதன் மூலம் 24 மணி நேரத்துக்கும் கூடுதலான முன்னறிவிப்பு தரப்படுகிறது. வரும்போது கைகால் கழுவிவிட்டு வரவும். இப்படிக்கு, யுவராஜ், வாடகைதாரர்.'

அப்பா படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றார். மதியம் 2.15-க்குக் கீழ்க் கதவின் இடுக்கில் செருகினேன்.

ஜூலை 15, செவ்வாய்

5.02-க்கு வந்தார்கள். அந்தத் தாளை அவர் கையிலேயே வைத்திருந்தார். நான் இரண்டு மாஸ்க் நீட்டினேன்.

"எங்களுக்கு எதுக்கு? சீக்கு அவருக்குத்தானே?" என்றார் சுலோச்சனா அம்மா.

"உங்ககிட்டேர்ந்து அவருக்கு வந்துடக் கூடாதுன்னுதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டார்கள்.

ஃபேனை நிறுத்தினேன், காற்றில் தூசி பறக்கக் கூடாது. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தினேன். பையின் குழாயை மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் இதெல்லாம் தேவை. நடுவில் கதவைத் திறக்கலாம். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அப்பா கையை நீட்டினார். நான் மக்கில் மொண்டு ஊற்றினேன். மூன்று நிமிடம், வாட்சைப் பார்த்து. சோப்பு முழங்கை வரை. அறையில் அந்தத் தண்ணீர் சத்தம் மட்டும்தான். ஒன்பது மக். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தது அந்த அம்மாதான். கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 'அப்பா கை' என்ற இடத்தில் நின்றார்.

"இதுல அளந்தா ஊத்தற?"

துடைக்கிற துணியை அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா குழாயை மாட்டினார். வயிற்றுத் தண்ணீர் இறங்கி முடிக்க இருபது நிமிடம், புதுசு ஏற இன்னும் பத்து நிமிடம். நாலு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. பக்தவத்சலம் சட்டைக் காலரைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் யாரும் எறங்க முடியாது சார்," என்றார் அப்பா.

"டபுள் விசில் குடுங்க, ஓட்டிக்கினு போயிடலாம்," என்றார் அவர். சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்ட மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த டிப்போ?" என்று கேட்டார். அப்பா சொன்னார். எந்த ரூட்? அதையும் சொன்னார். பட்டறைக்குப் போக அந்த பஸ்ஸில்தான் ஏழு வருஷம் தொங்கியதாக அவர் சொன்னார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முப்பது நிமிடமும் சுவரில் சாய்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

"ஒட்டாதுல்ல?" அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஒட்டாதும்மா. கெட்டுப்போனது கிட்னி. அது பக்கத்து வூட்டுக்குப் போகாது," என்றார் அப்பா.

சுலோச்சனா அம்மா புருஷன் பக்கம் கையை நீட்டினார். "சாவி."

"இரு, கதவு தொறக்கக் கூடாதாம்."

"தொறந்ததும் போறேன். குடு."

குழாயைக் கழற்றி மூடி போட்டது 5.41. மோட்டார் சத்தம் கேட்டது 5.44. வால்வுக் கைப்பிடியை பக்தவத்சலமே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மாட்டினார். இறங்கி வந்து வாசலிலேயே நின்றார்.

"ஆடி முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாக்க வேணாம். அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணுவோம்," என்றேன்.

"தண்ணி விட்டாச்சே. போதாதா?"

"போதாது. இன்னிக்கு உங்களுக்குப் புரிஞ்சுது. நாளைக்கு வேற யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க. அப்ப எங்க கையில ஒரு பேப்பர் இருக்கணும். உங்க கையிலயும்தான்."

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். பக்தவத்சலம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேப்பரைக் கொண்டா. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். ஒன்ன மாதிரி நாலு நிமிஷத்துல கையெழுத்துப் போடறவன் நான் இல்ல." இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "ஆமா, என் பூட்டை ஒடச்சது நீதானே?"

எனக்குப் பையை எடை போட வேண்டியிருந்தது. 2.3 கிலோ. எடை சரி.

ஜூலை 16, புதன்

ஆனி 32. பாதி தெரிகிறது. நாள் முழுக்க வேலையில் மனசு ஓடவில்லை. ஒரு லிஃப்ட்டின் ஃபியூஸை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்று தடவை வீட்டுக்கு போன் செய்தேன். மூன்றாவது தடவை அப்பா, "கை கழுவிக்கிட்டிருக்கேன்டா, வை" என்றார்.

ஜூலை 17, வியாழன், காலை 5.50

ஆடி 1. தெளிவாகத் தெரிகிறது. கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும் ராகு காலம்கூடத் தெரிகிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

கீழே கோலம் போட்டிருக்கிறார்கள். மகள் பத்து மணிக்கு வருகிறாளாம். எங்களைக் காலி செய்யச் சொன்ன கெடு நேற்றோடு முடிந்துவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது:

1. பதிவுப் படிவத்தை மெஹருன்னிசா அக்காவிடம் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறு வரை படித்தீர்களா என்று கேட்கக் கூடாது.

2. நாமும் முழுசாகப் படிக்க வேண்டும். உட்கார்ந்து.

3. நாளை விசாரணைக்குப் போக வேண்டும். தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பதிவு எண் கைக்கு வரும்வரை மனுவைத் திரும்பப் பெறக் கூடாது.

4. டிரம்முக்குள் இருக்கும் கோடுகளைத் தின்னர் போட்டு அழிக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும்.

5. திங்கள் செக்கப்பில் அந்த நர்ஸிடம், மூன்று நிமிடம் ஒரு நிமிடம் ஆனது யாரால் என்று சொல்ல வேண்டும். அப்பா சொல்ல மாட்டார்.

6. பூட்டு ஒன்று வாங்க வேண்டும். 40 மி.மீ., பித்தளை, முதலில் இருந்த அதே மாடல். இரண்டு சாவியையும் பக்தவத்சலம் கையில் கொடுக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.